என்ன வேணும்

ஆஸ்பத்திரியிலிருந்து பெர்க்மான்ஸை ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கிய நாளிலிருந்து, நாவாய்முனை சலேத்மாதா தெருவில் அந்த ஒரு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் எல்லோரும் தெருவிலேயே போய் இறங்கினார்கள். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. சுவரில் திருஇருதய ஆண்டவர் படமும் பக்கத்திலேயே திருச்செந்தூர் முருகனும் தெரிந்தார்கள், கட்டிலில் படுத்திருந்த பெர்க்மான்ஸின் வெளுத்த பாதங்கள்கூடத் தெரிந்தன. ஆனால் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தால் அது வெளியே தார்ரோட்டில் ஊன்றியது, முகம் எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்தது, வீடு முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலி கிடையாது, தலைசுற்றல் கிடையாது. கல்யாண மண்டபத்தில் தப்பான கதவைத் தள்ளிப் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றுவிட்ட மாதிரி ஒரு சின்ன அசட்டுத்தனம், அவ்வளவுதான்.

முதலில் அகப்பட்டவன் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். சிலிண்டர் உருண்டு உள்ளே போய்விட்டது, அவன் மட்டும் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் என்று நினைத்து மறுபடி போனான், மறுபடி வந்தான். இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருந்ததால் காலி சிலிண்டரை உள்ளேயிருந்து உருட்டிவிடச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினான். அடுத்து எதிர்வீட்டு ட்ரீசா கஞ்சியோடு போய், கஞ்சியோடு தன் வீட்டைப் பார்த்து நின்றாள். சாயங்காலத்துக்குள் தெருப்பிள்ளைகள் ரயில் கோத்துக்கொண்டு ஒரு பக்கம் ஏறி அதே பக்கம் இறங்கி விளையாட ஆரம்பித்தன. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அம்மாமார் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போகும்வரை அது நடந்தது. ஒரு வாரத்தில் தெரு பழகிவிட்டது. பொருள் போகும், ஆள் போகாது, அந்த வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேர் மட்டும் போகலாம் வரலாம் என்று புதிதாக வருகிறவர்களுக்கு விலாசம் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தார்கள். மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர் வாசலில் நின்று கேட்பார், உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வார்கள், அவர் குறித்துக்கொண்டு போவார்.

பழகாதவள் இமாகுலேட் ஒருத்திதான். பெர்க்மான்ஸின் கூடப்பிறந்த தங்கை, இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தவள், ரேஷன் கடை வரிசையிலும் கோயில் பாவசங்கீர்த்தன வரிசையிலும் ஒரே மாதிரி காலை மாற்றி மாற்றி நின்று முன்னால் இருப்பவரைப் பெருமூச்சால் தள்ளுகிறவள். முதல் நாள் சாளைமீன் குழம்போடு வந்து தெருவில் இறங்கியபோது அவள் வாசலைத் திட்டினாள். இரண்டாம் முறை நிலைப்படியைத் திட்டினாள். அதற்குப் பிறகு, உள்ளேயிருந்து கையை நீட்டித் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்ட மாடிக்காரரைத் திட்டினாள்.

மாடிக்காரர் என்று ஊர் சொன்னது சிவசைலத்தை. துறைமுகத்தில் புதுப் பாலம் போட்ட வருசம் மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு வந்தவர், பெர்க்மான்ஸ் வீட்டு மாடியறைக்கு வாடகைக்கு வந்தார். பெர்க்மான்ஸ் அப்போது கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் இருந்தார், கல்யாணத்துக்குப் பார்த்த பெண்களையெல்லாம் ஏதாவது மரியாதையான காரணம் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். வந்த சில மாதங்களிலேயே மாடியில் புறா குடியேறிவிட்டது, உடைந்த கட்டிலும் கிறிஸ்துமஸ் குடில் சாமானும் ஏறிவிட்டன, மாடிப்படியே பாதி இடிந்துவிட்டது. ஆனாலும் இருவருக்கும் தலை நரைக்கும்வரை அவர் மாடிக்காரர்தான். கீழே ஒரே அறையில் ஒரே ஃபேனுக்குக் கீழே படுத்தவர் எப்படி மாடிக்காரர் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. இமாகுலேட்டோ அந்தப் பட்டத்தைக்கூட வைத்துக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் "இந்தாங்க" என்பாள், "ஏங்க" என்பாள், சமயத்தில் அண்ணனிடம் பேசுகிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொல்வாள். மீன்காரிக்கும் ஆட்டோக்காரருக்கும்கூடக் கூப்பிட ஒரு உறவுமுறை வைத்திருந்தவள், பண்டிகைதோறும் தனக்கு இலைபோட்டுப் பரிமாறிய மனிதருக்கு ஒரு முறை வைக்காமலே காலத்தை ஓட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது இவ்வளவுதான். பெர்க்மான்ஸுக்கு வாயும் இடது கையும் இழுத்துக்கொண்டபோது சிவசைலம்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். தீவிர சிகிச்சை அறை வாசலில் நர்ஸ் கேட்டாள், "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

சிவசைலம் பதறிப்போய், "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர், உள்ள விட்டாப் போதும்" என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள், உறவுக்காரங்க மட்டும்தான் ஐயா என்றாள். அப்போதுதான் இமாகுலேட் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். "நான் கூடப்பிறந்த தங்கச்சி. இவரு எங்க அண்ணன் வீட்டு மாடில குடியிருக்கவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்து அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே இருந்த நாள் முழுக்க சிவசைலம் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பெர்க்மான்ஸின் செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த நாளில் வாசல் இப்படி ஆயிற்று. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. இமாகுலேட்டுக்கு மட்டும் தோன்றியது, தோன்றியதும் அதை அதட்டி உட்காரவைத்தாள்.

இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு இருக்கிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்ட வேண்டும், கையைப் பிடித்து நகம் வெட்டிவிட வேண்டும், இமாகுலேட்டுக்கு வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை. "இம்மாவை வரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குழறிய குரல் தெருவுக்குக் கேட்கும். அவள் தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலுக்கு எதிரே தெருவிலேயே போட்டு, அங்கேயிருந்தே அண்ணனை அதட்டிச் சாப்பிடவைத்தாள். பங்குச் சாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதலுக்கு வந்து, தெருவில் இறங்கி, எண்ணெய்ச் சிமிழைப் பார்த்து, வாசலைப் பார்த்து, கடைசியில் வெளியே நின்றே செபித்துவிட்டுப் போனார்.

ஊருக்கு இது புதிதில்லை என்பது மெல்லத்தான் ஞாபகம் வந்தது. கான்வெண்டுக்குப் பின்னாலிருந்த வீட்டில் புஷ்பம் மிஸ்ஸும் கிளாடிஸ் மிஸ்ஸும் ஒரே குடையில் பள்ளிக்கூடம் வந்து ஒரே குடையில் திரும்பியவர்கள். இமாகுலேட்டுக்கு ஒருத்தர் மாரல் சயின்ஸ், ஒருத்தர் கணக்கு. கிளாடிஸ் மிஸ் செத்தபோது அவரது அண்ணன்மார் சாமானைத் தூக்க லாரியோடு வந்து, வீட்டுக்குள் போய்ப் போய்த் தெருவில் இறங்கி, இருட்டும்வரை அப்படியே நடந்து, வெறும் லாரியோடு திரும்பினார்கள். அதற்கும் முன்னால், கலங்கரை விளக்கம் கட்டாத காலத்தில், உப்பளத்துக் கங்காணி ஒருவரும் ஒரு தோணிக்காரரும் சேர்ந்து இருந்த குடிசைக்குள் நுழையப் பார்த்த ஒரு வெள்ளைக்காரச் சுங்கத்துரை பூட்ஸ் தேய நடந்தார் என்று உப்பளத்தில் பேச்சுண்டு. இன்னும் பின்னால் போனாலும் அப்படி ஒரு வாசல் ஏதாவது இருந்திருக்கும். ஒரு காலத்தில் பேய் என்றார்கள், ஒரு காலத்தில் செய்வினை என்றார்கள், பிறகு வாஸ்து என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஊர் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு நிலையை மாற்றியதே தவிர, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

புஷ்பம் மிஸ் இன்னும் இருந்தார். ஒரு நாள் அந்தப் பழைய குடையோடு, கையில் ஸ்பாஞ்ச் கேக்கோடு வந்து, தெருவே பார்த்துக்கொண்டிருக்க வாசலைத் தாண்டி உள்ளே போய், நோயாளியோடு பேசிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தார். இமாகுலேட் எழுந்து நின்றாள். நரைத்த பிறகும் மிஸ்ஸைக் கண்டால் எழுந்துவிடுவாள்.

"மிஸ், நீங்க எப்படி மிஸ் உள்ள போனீங்க?"

"நடந்துதான்" என்று சொல்லிவிட்டு மிஸ் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊர் ஆண்களில் சிலர் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டார்கள். வாசல் வெளியே தள்ளிவிடும் என்று பயந்தவர்கள் இல்லை அவர்கள். உள்ளே விட்டுவிடும் என்று பயந்தவர்கள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த ஒருவர் மட்டும், நெற்றியில் விபூதியும் கையில் பிளாஸ்கும், நல்ல வெயிலில் வந்து நேரே உள்ளே போய்ச் சிவசைலத்தோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ட்ரீசா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள், எல்லோரும் பார்த்தார்கள். அவர் வெளியே வந்தபோது தெருவில் ஒவ்வொருவருக்கும் ஏதோ அவசர வேலை இருந்தது. மறுநாள் வங்கியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ட்ரீசா அவருக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தாள், ஏன் என்று அவளும் சொல்லவில்லை.

கல்லூரிப் பேராசிரியர் ஆல்பன் வந்தது அந்த மாதத்தில்தான். படித்தவர், நல்ல மனிதர், விஷயத்தைச் சுற்றிவளைக்கத் தெரியாதவர். வாசலில் நின்று ஒரு சின்னச் சொற்பொழிவே நிகழ்த்தினார். பழைய நாகரிகங்களில் இது இருந்தது, கோயில் சிற்பத்தில் இருக்கிறது, வெள்ளைக்காரன் தன் ஊர்ச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து இதைக் குற்றமாக்கினான், அவன் ஊரிலேயே அது போன பிறகும் நாம் வெகுகாலம் வைத்துக் காப்பாற்றினோம், பிறகு டெல்லியில் தீர்ப்பு வந்தது, இப்போது தமிழில் தன்பாலீர்ப்பாளர் என்று கௌரவமான சொல்லே இருக்கிறது என்றெல்லாம் சொல்லி, அந்தச் சொல்லை நிறுத்தி உச்சரித்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, முருங்கை மரத்துக்கு எதிரே வந்து நின்றார்.

உள்ளேயிருந்து சிவசைலம் வாசல்வரை வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை.

"நல்ல வார்த்தை சார். இளவயசுல இதைத்தான் தேடிக்கிட்டு அலைஞ்சேன். அப்ப ஊர்ல இருந்த வார்த்தையெல்லாம் கல்லெறியத்தான் ஆகும். இது கைக்குக் கிடைச்ச அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துட்டு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "ஆனா அது நான் யாருன்னுதான் சொல்லுது. நான் உங்களுக்கு யாருன்னு சொல்லலியே."

தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இமாகுலேட் அதைக் கேட்டாள். டெல்லித் தீர்ப்பு என்றதும் அவளுக்கு மக்ரூன் ஞாபகம் வந்தது. ஒரு செப்டம்பரில் சிவசைலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேக்கரியிலிருந்து பெரிய டப்பா மக்ரூன் வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், விசேஷம்தான் என்றார். ரிட்டயர்மெண்ட் பணம் வந்திருக்கும் என்று தெரு முடிவு கட்டியது. பெர்க்மான்ஸ் அன்று வெளியே வரவேயில்லை, உள்ளே பாட்டுப் பெட்டி மட்டும் சத்தமாகப் பாடியது. இமாகுலேட் இரண்டு மக்ரூன் தின்றாள். முந்திரி குறைச்சல் என்று குறைசொல்லிவிட்டு இன்னும் இரண்டைப் பேப்பரில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். எதற்கு என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அவளுக்கு அடுப்பில் ஏதோ இருந்தது.

அவள் தோற்பதற்குப் பிறந்தவள் இல்லை. அதனால் சொற்களாகவே முயன்று பார்த்தாள். அண்ணனின் நண்பர் என்று சொல்லிக் காலை வைத்தாள், தெரு. சிநேகிதர், கூடப்பிறவாத சகோதரர், குடும்பத்துக்கு வேண்டியவர், எல்லாம் தெருதான். மதர் சுப்பீரியர் கேட்டால் மகிழ்ந்துபோகும் உச்சரிப்பில் இங்கிலீஷிலும் சொல்லிப் பார்த்தாள். வாசல் இங்கிலீஷையும் தமிழையும் ஒரே மாதிரிதான் நடத்தியது. அவள் புருசன் ஜெரோம் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"அண்ணன் பொண்டாட்டின்னா நீ என்னன்னு கூப்பிடுவ, மைனின்னுதானே? அதைச் சொல்லிப் பாரேன்."

அவள் வெறுப்பில் மூக்கைச் சுளித்து, "என்ன மைனி, வரலாமா" என்று இழுத்துக்கொண்டே காலை வைத்தாள். இந்த முறை வாசல் அவளைச் சற்று வேகமாகவே இறக்கியது. ஒரு செருப்பு ட்ரீசா வீட்டுப் படியில் போய் விழுந்தது. உள்ளே சிவசைலம் வெடித்துச் சிரித்தார். "இவ்வளவு மீசையோட ஒரு மைனியா, நல்லாத்தான் இருக்கு" என்றார். கட்டிலிலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது, ஒரு பக்கம் இழுத்த வாயோடு, மூச்சு வாங்கி வாங்கி. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அண்ணன் சிரித்து அவள் கேட்டதில்லை. ஒற்றைச் செருப்போடு தெருவில் நின்றபடி அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வெயிலைக் குறைசொன்னாள்.

பிறகு ஒரு மத்தியானம், அவள் எதையும் முயலாத ஒரு மத்தியானம், அது நடந்தது. நண்டு ரசம் கொதிக்கக் கொதிக்கத் தூக்கில் இருந்தது, பிடி கையைச் சுட்டது, தெருமுனையில் யாரோ லாரியைக் குறுக்கே நிறுத்தியிருந்ததில் அவள் ஏற்கெனவே கோபத்தில் இருந்தாள். வாசலுக்கு வந்தபோது உள்ளே பெர்க்மான்ஸ் கட்டிலைவிட்டுச் சரிந்துகொண்டிருந்தார். சிவசைலம் தனியாளாகத் தாங்கிப் பிடிக்கப் பார்த்து, தோளைத் தூக்குவதற்குப் பதில் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், தலையை விடுங்க, கக்கத்துல கை குடுங்க, கால நான் பிடிக்கேன்."

காலை அவள் பிடித்தாள். இருவரும் சேர்ந்து பெர்க்மான்ஸைக் கட்டிலில் ஏற்றித் தலையணையைச் சரிசெய்தார்கள். தூக்குச்சட்டியை எங்கே வைப்பது என்று தேடியபோதுதான் தன் காலடியில் சிவப்புச் சிமெண்டுத் தரை இருப்பதையும், முருங்கை மரம் வாசலுக்கு வெளியே தூரத்தில் இருப்பதையும் அவள் பார்த்தாள்.

அவளுக்கு அக்கா கிடையாது, அக்கா புருசனும் கிடையாது. அதனால் அந்தச் சொல்லை அதுவரை யாருக்கும் செலவு செய்ய வேண்டி வந்ததில்லை. கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த ஆண்பிள்ளைக்கென்று வைத்திருந்த சொல், மடிப்புக் கலையாத பட்டுச் சேலை மாதிரி பெட்டி அடியிலேயே கிடந்தது. யோசித்துத் தேடியபோதெல்லாம் அகப்படாமல், கை சுட்ட அவசரத்தில் அதுவாக வெளியே வந்திருந்தது. சிவசைலம் தலையணை உறையைப் பிடித்தபடியே அப்படியே நின்றார். பெர்க்மான்ஸ்தான் பேசினார்.

"இம்மா. ரசத்துல உப்பு போட்டியா?"

"தின்னுட்டுச் சொல்லு" என்றாள் அவள். அன்று ஊட்டினாள், நகம் வெட்டினாள், வீடு கிடக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு அத்தானை நன்றாக ஏசினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஏச்சு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார், இடையில் ஒரு தடவை அடுக்களைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு தெரு தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டது. ஜெரோம் வெகுநேரம் விரல்விட்டு யோசித்து, "அப்ப எனக்குச் சகலையில்லா ஆகுது" என்று அதிசயப்பட்டுக்கொண்டே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இவ்வளவு காலம் சகலை இல்லாமல் தனியாக மாமனார் வீட்டைச் சமாளித்த குறையை அன்றைக்கே சொல்லி அழுதார். இமாகுலேட்டின் பிள்ளைகள் வெளியூரிலிருந்து போன் பண்ணிப் பெரியப்பா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். ட்ரீசா பெர்க்மான்ஸை அண்ணன் என்பவள். அவளும் அத்தான் என்றே வைத்துக்கொண்டாள், கஞ்சியோடு உள்ளே போனாள். ஆல்பன் சார், முறை எதுவும் ஒத்துவராமல் ஒரு வாரம் திண்டாடி, கடைசியில், "சிவசைலம், நாளைக்கு எங்க வீட்ல பையனுக்குப் பிறந்தநாள், ரெண்டு பேருக்கும் இலை போடச் சொல்லிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்து கட்டில்வரை போய்விட்டார். மறுபடி வந்த பங்குச் சாமியாருக்கு ஒரு கால் மட்டும் உள்ளே போயிற்று. மற்றக் காலைத் தெருவிலேயே ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்து, எட்டிக் குனிந்து பெர்க்மான்ஸின் நெற்றியில் எண்ணெய் பூசினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். இமாகுலேட் அவருக்குச் சாய்ந்துகொள்ள நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

மழைக்காலம் தொடங்கும்போது பெர்க்மான்ஸுக்கு மறுபடி வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே நீளமான தாழ்வாரம், சாயங்காலப் பார்வை நேரம். இந்தத் தடவை டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட இருக்க ஒருத்தர் வரலாம், ஒருத்தர்தான் என்றார். இமாகுலேட்டுக்கு விளங்கிவிட்டது. அவள் கையில் நகவெட்டி இருந்தது. அண்ணனின் வலதுகைச் சுண்டுவிரல் நகத்தை இன்றைக்கு வெட்டலாம் என்று விட்டுவைத்திருந்தாள்.

நர்ஸ் வேறொருத்தி, சின்னப் பெண். இரண்டு பேரையும் பார்த்து, சிவசைலத்திடம் கேட்டாள். "ஐயா, நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

இந்தத் தடவையும் அவர் மடியில் செருப்பு இருந்தது.

"எங்க அத்தான்" என்றாள் இமாகுலேட். "எங்கண்ணன் வீட்டுக்காரரு."

"நீங்க?"

"தங்கச்சி."

நர்ஸ் குழம்பிப்போய், ரத்த சொந்தம் நீங்கதானேம்மா என்று ஆரம்பித்தாள். இமாகுலேட்டுக்குப் பொறுமை கிடையாது என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. "ஒருத்தர்தான்னா அவருதாம்மா போகணும். நான் போனா அவன் என்னையத் தாண்டிக் கதவையேதான் பாத்துக்கிட்டுக் கிடப்பான்" என்றாள். சிவசைலத்தின் மடியிலிருந்து செருப்பை வாங்கிக்கொண்டு, அவர் கையில் நகவெட்டியைக் கொடுத்தாள். "சுண்டுவிரல் பாக்கி இருக்கு அத்தான். ஓரத்துல சதையோட வெட்டிராதீங்க."

அவர் உள்ளே போனார். கதவு மூடியது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்று மற்றதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. அண்ணன் சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பான். மருந்தோடு நர்சுகள் போனார்கள், வந்தார்கள். பார்வை நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. வாட்ச்மேன் பையன் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, உள்ள இருக்க ஐயாவை வெளிய அனுப்பணும்மா, நேரமாச்சு என்று சொல்லிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தாழ்வாரத்தில் இமாகுலேட்டுக்கு எதிரே வந்து நின்றான்.

திரும்பிக் கதவைப் பார்த்தான். மறுபடி உள்ளே போனான். மறுபடி அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

இமாகுலேட் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க தம்பி" என்றாள். "கொஞ்ச நாள்ல பழகிரும்."